வேலியோர நொச்சி

1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிறுவப்பட்ட பின்னர் எழுந்த நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில், வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்கும் இடம்விட்டுக் குடியிருப்புகளைக் கட்டியவர்களின் தீர்க்கதரிசனத்தை நான் வியப்பதுண்டு. அவ்விடத்தில் முருங்கையும் வாழையும் வளர்ப்பவர்கள் வேலியோரம் ஒரு நொச்சியையும் வைப்பார்களானால், விரல்களை விரித்தாற்போன்ற அதன் இலையும் ஊதாப் பூங்கொத்தும் கண்ணுக்கு இன்பமளிப்பதோடு, அந்தி வேளையில் படையெடுக்கும் கொசுக்களுக்கு எதிரான ஔஷதமொன்றும் கைவசமாகும்.

நொச்சியின் மகத்துவம் அதன் இலையில் உறையும் வாசனைத் தைலத்தில் இருக்கிறது. செடி வாளா நிற்கையில் அது வெளிப்படுவது சொற்பமே. இலையைக் கசக்கும்போதும், உலர்த்தி வேப்பிலையுடன் தணலில் இடும்போதுமே அந்தக் காரநெடி வீடெங்கும் வியாபிக்கிறது. ஆதலால் வாசலில் தொட்டியை வைத்துவிட்டுக் கொசு ஓடிவிடுமென்று காத்திருப்பது வீண். வண்டு அண்டாதிருக்கத் தானியக் குதிரில் காய்ந்த நொச்சியிலையைப் போட்டுவைத்த நம் பாட்டிமார்களின் விவேகத்தை என்னென்பது! துளசியும் இத்தகைய வாசனைத் தைலச் செடியே. கிராம்புக்கு மணமூட்டும் யூஜினால் அதிலும் உண்டு.

புகை கைக்குழந்தைக்கும் ஆஸ்துமாகாரருக்கும் ஆகாது. அவர்கள் இருக்கும் அறையில் மூட்டம் போடலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது; அந்திப் புகை மட்டும் அதற்குப் போதாது. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரிலும் அது முட்டையிடும் என்பதால், அந்த நீரை வாரந்தோறும் கொட்டுவது அவசியம்.

நொச்சி போத்து நட்டாலே வேர்பிடிக்கும். அண்டைவீட்டாரிடம் ஒன்று கேட்டு வாங்கி, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள்.