வயர் மறைந்தது, வானொலியும் மறைந்தது

டேஷ்கேமுக்கு ஹார்டுவயர் கிட் போட்டுச் சில வாரங்களாகின்றன. ஸ்டீரியோவுக்குக் குறுக்கே, கியர் லீவருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு வயர் இப்போது இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட் காலியாகி, போன் சார்ஜருக்கு இடம் கிடைத்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் கேமரா விழித்துக்கொள்கிறது. வண்டியில் ஏறுகிறவர்கள் பலர் கேமரா இருப்பதையே கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் ஷோரூமிலிருந்தே அப்படி வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் வரவு. செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: கிட்டைப் போட்டதும் எஃப்.எம். கெட்டது.

காரில் இன்னும் எஃப்.எம். கேட்கிறீர்களா என்று சிரிப்பவர்கள் இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம், மிச்சத்தைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. நான் கேட்கிறேன். போனை எடுத்து, ப்ளூடூத்தில் சேர்த்து, பாட்டைத் தேடி அலைவதைவிட, உட்கார்ந்து சாவி போட்டதுமே 101.4-ல் சென்னை ரெயின்போ தானாகப் பாடத் தொடங்குவது எனக்குச் சௌகரியம். அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாமல் வண்டி ஓட்டுவது ஒரு தனி சுகம்.

கிட்டைப் பற்றி இரண்டு வரி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் மூன்று வயர்: மஞ்சள், எப்போதும் கரன்ட் இருக்கும் ஃபியூஸுக்கு, சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃபியூஸுக்கு, கறுப்பு, பாடி எர்த்துக்கு. மறுபக்கம் கேமராவுக்குப் போகும் நீளமான கேபிள். பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பதுதான் பெட்டியின் வேலை. வில்லங்கமும் அந்த வேலையில்தான் இருக்கிறது.

பொருத்துவதற்கு ஜி.பி. ரோட்டில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் போனேன். கிட்டோடு வந்த, ஃபியூஸ் இடத்தில் செருகுகிற ஃபியூஸ் டேப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு சார்? ஸ்டீரியோ பின்னாடி வர்ற வயரை லேசா சீவி, சுத்தி, டேப் அடிச்சுட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"வேணாம்ணே. வண்டியோட வயர் எதையும் சீவக் கூடாது."

"நாங்க போடாத வண்டியா சார்!"

அவர் போட்ட வண்டிகளைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. இன்சுலேஷன் டேப்பைப் பற்றித்தான் சந்தேகம். மே மாத வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழியும். ரெண்டு கோடை போனால் டேப் தனியே, செம்பு தனியே. ஸ்டீரியோ லைனின் ஃபியூஸ் ஸ்டீரியோவுக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது, பெரும்பாலும் 15 ஆம்பியர். அதில் கேமராவின் மெல்லிய வயரை முறுக்கி விட்டால், எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போவதற்கு முன்னால் அந்த வயரே சூடாகி உருகக்கூடும். இருக்கைக்கு முன்னால், கால்மாட்டில், பிளாஸ்டிக்குக்கு நடுவில். நன்றி சொல்லிவிட்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன்.

ஃபியூஸ் டேப் ஒரு நல்ல கண்டுபிடிப்பு, அதற்குத் தனியாக ஒரு பாராட்டு. இருக்கிற ஃபியூஸை உருவி, டேப்பை அந்த இடத்தில் செருகினால், பழைய ஃபியூஸுக்கு ஒரு பொந்து, கேமராவுக்கான புது ஃபியூஸுக்கு ஒரு பொந்து. எந்த வயரும் காயப்படுவதில்லை. வண்டியை விற்கும்போது கழற்றிக்கொண்டு பழையபடி மூடிவிடலாம். இரண்டு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். ஒன்று அளவு: சாதாரண பிளேடு, மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று ஃபியூஸில் பல ஜாதி, ஒன்றின் டேப் மற்றதில் உட்காராது. இரண்டாவது திசை: ஃபியூஸை உருவியதும் மல்டிமீட்டர் வைத்து, பொந்தின் எந்தப் பக்கம் கரன்ட் வருகிறது என்று பார்த்து, இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் வருமாறு செருக வேண்டும். மாற்றிப் போட்டாலும் கேமரா ஓடும். ஆனால் அதன் சுமையும் பழைய ஃபியூஸ் தலையில் விழும். கிட்டோடு வந்த துண்டுத்தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏர்பேக், ஏ.பி.எஸ். ஃபியூஸ்கள் பக்கம் கையே போகக் கூடாது என்பதும் அதில் இல்லை.

என் வண்டி பழைய சின்ன ஹேட்ச்பேக், கூரை ஓரத்தில் ஏர்பேக் கிடையாது. அதனால் ரூஃப் லைனிங் இடுக்கில் கேபிளை விரலால் தள்ளி, டோர் பீடிங்கை இழுத்து, பில்லருக்குள் இறக்கி, ஃபியூஸ் பாக்ஸுக்குக் கொண்டு வந்துவிட்டேன். புது வண்டிக்காரர்கள் அப்படிச் செய்ய முடியாது. 2024-ல் வந்த ஸ்விஃப்ட்டில் எல்லா மாடலிலும் 6 ஏர்பேக். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கூரை ஓரத்தில் மடிந்து கிடக்கிறது. கேபிள் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் குறுக்கே போனால் விரிகிற பை கேபிளை முகத்தில் வீசும். இது தெரிந்த ஆளிடம் கொடுப்பது நல்லது.

சரி, ரேடியோ. எல்லாவற்றையும் மூடி, சாவியைப் போட்டேன். கேமரா வந்தது. ரெயின்போவும் வந்தது, ஆனால் பின்னணியில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஓயாத ஒரு சத்தம். கேமராவின் கேபிளை உருவினேன். அடுத்த நொடி பாட்டு கண்ணாடி மாதிரித் தெளிவு. செருகினேன், திரும்பச் சத்தம். இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் எந்தக் குற்றவாளியிடமும் கிடைக்காது.

காரணம் மர்மமில்லை. 12 வோல்ட்டை 5 ஆக்க அந்தப் பெட்டி மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. இப்படிச் செய்தால் சூடு குறைவு, வீணாவதும் குறைவு; இன்று அநேகமாக எல்லா சார்ஜரும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு வெட்டும் கூர்மையானது, அந்தக் கூர்மை தன் அலைவரிசையோடு நிற்காமல் அதன் மடங்குகளாக மேலே மேலே ஏறி, எஃப்.எம். இருக்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை சிதறும். அதை உள்ளேயே அடக்கி வைக்க ஃபில்டர், ஷீல்டு என்று கொஞ்சம் செலவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கேமராவுக்குப் போகும் நீண்ட கேபிளே ஓர் ஒலிபரப்புக் கோபுரமாகிவிடும். என் வண்டியில் ஆன்டெனா கூரையில், கேமராவுக்கு மேலே கொஞ்சம் தள்ளி. அதன் கேபிளும் ஸ்டீரியோவுக்கு வலது பில்லர் வழியாகத்தான் இறங்குகிறது. ஃபியூஸ் பாக்ஸும் வலது பக்கம். ஆக, வயரை மறைக்க எது மிகச் சுருக்கமான, அழகான வழியோ, அதுதான் ரேடியோவைக் கெடுக்க மிகச் சிறந்த வழி. முன்பு தொங்கிக்கொண்டிருந்த அசிங்கமான வயர் கண்ணாடியின் நடுவில், ஆன்டெனா கேபிளை விட்டு விலகியே போனது. அப்போது இந்தப் பிரச்சினை வரவில்லை.

நகரத்துக்குள் சமாளிக்கலாம். சிக்னல் பலமாக இருந்தால் எஃப்.எம். ரிசீவர் பலமானதைப் பிடித்துக்கொண்டு பலவீனமானதைத் தள்ளிவிடும். கிண்டியில் சத்தம் அநேகமாகத் தெரியாது. செங்கல்பட்டு தாண்டினால் பாட்டைவிடச் சத்தம்தான் அதிகம். ஊருக்குப் போகும் வழியில் இது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. திருச்சியைத் தாண்டி மணப்பாறை ரோட்டில் நான் வழக்கமாக 100.5-க்குத் திருப்புவேன், கோடைப் பண்பலை. கொடைக்கானல் மலையிலிருந்து வருவதால் வெகுதூரம் எட்டும் நிலையம் அது. இந்த முறை மணப்பாறையில் வெறும் இரைச்சல். வையம்பட்டியில் அறிவிப்பாளர் குரல் துண்டு துண்டாக. திண்டுக்கல் நெருங்க நெருங்க இரைச்சல் அடங்கி, பாட்டு மேலே வந்தது. கேபிள் இல்லாவிட்டால் மணப்பாறையிலேயே கேட்கும். அங்கே வண்டியை நிறுத்தி, கேபிளை உருவிப் பார்த்தேன், கேட்டது.

கேமரா கம்பெனியே விற்கிற கிட் இது என்பதுதான் எரிச்சல். அவர்கள் கேமரா மேல் எனக்கு விசுவாசம் உண்டு. உள்ளே லித்தியம் பேட்டரி இல்லை, சூப்பர் கெபாசிட்டர். அதனால் வெயிலில் வீங்காமல் வருஷக்கணக்கில் உழைக்கிறது. இரவில் நம்பர் பிளேட் தெரிகிறது. அவ்வளவு யோசித்தவர்கள் இதில் ஏன் கஞ்சத்தனம் பண்ண வேண்டும்? எழுதிக் கேட்டேன். ஆன்டெனா கேபிளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று பதில் வந்தது. ஆன்டெனா கேபிள் எங்கே போகிறது என்று வண்டி வாங்குகிறவனுக்கு யார் சொல்கிறார்கள்?

ரிச்சி தெருவில் கிளிப் போல மூடும் ஃபெரைட் மணிகள் வாங்கினேன், சில்லறைக் காசுதான். பெட்டியிலிருந்து கேபிள் புறப்படும் இடத்தில் ஒன்று, கேமராவுக்குப் பக்கத்தில் ஒன்று. மணிக்குள் கேபிளைச் சும்மா விடாமல் ஒரு சுற்று சுற்றி இரண்டாவது முறையும் நுழைத்தால் அடைப்பு ஏறத்தாழ நாலு மடங்காகும். சத்தம் பாதியாகக் குறைந்தது, போகவில்லை. பிறகு வழியையே மாற்றினேன்: மூன்று வயரையும் முறையாக லக் வைத்து அழுத்தி நீட்டி, பெடல் பக்கம் தொங்காமல் டை போட்டுக் கட்டி, கறுப்புப் பெட்டியை கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் வைத்து, கேபிளை இடது பில்லர் வழியாக ஏற்றினேன். எர்த்தைப் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கு மாற்றினேன். ரெயின்போ இப்போது செங்கல்பட்டு வரை சுத்தம்.

பார்க்கிங் மோடு பற்றிக் கேட்பார்கள். வண்டி நிற்கும்போதும் கேமரா விழித்திருக்க, பேட்டரியிலிருந்து கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கினால் கிட் தானாக நிறுத்தும். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி முழுசு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறத்தாழ காலி. பெட்டியின் சின்ன சுவிட்ச் 11.8-ல் வைத்தே வருகிறது. சின்ன பெட்ரோல் காரில் இருப்பது 35 ஏ.எச். பேட்டரி, கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு வருஷப் பழைய பேட்டரியை 11.8 வரை இறங்க விட்டால், காலையில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வண்டி தள்ள வேண்டியதுதான். வாங்கியதும் 12.2-க்கு மாற்றுங்கள். வாரக்கணக்கில் எடுக்காத வண்டியில் மஞ்சள் வயரையே கழற்றிவிடுங்கள்.

சின்ன சின்ன கோபங்கள்: கூடவே வரும் ஒட்டும் கிளிப்புகள் ஒரு வெயிலுக்குத் தாங்கவில்லை, துணி டேப்தான் தாங்குகிறது. பெட்டியின் மேல் எதற்கென்றே தெரியாத ஒரு நீல விளக்கு இரவெல்லாம் எரிகிறது, அதன் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கேபிளின் முனை நேராக இருக்கிறது. கண்ணாடியை ஒட்டி வளைய வேண்டிய இடத்தில் வளைந்த முனை கொடுத்திருக்கலாம்.

வாங்கலாமா? எஃப்.எம். கேட்காதவர் வாங்கலாம். கேட்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்து, பெட்டியின் மேல் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்ட கிட் கிடைக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் மற்ற எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்காது என்று ஐ.நா. வாகன விதி எண் 10-ன்படி சோதித்ததற்கான முத்திரை அது. பல கிட்டுகளில் அது இருப்பதில்லை, என்னுடையதிலும் இல்லை. எது வாங்கினாலும், எலக்ட்ரீஷியன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கேபிளைச் சும்மா தொங்கவிட்டபடி முதலில் கேமராவை ஓட்டி, உங்கள் ஊரில் லேசாகத்தான் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துப் பாருங்கள். வலது பக்கம், இடது பக்கம், கூரை ஓரம் என்று கேபிளை நகர்த்தி, சத்தம் எங்கே குறைகிறதோ அந்தப் பக்கமாகப் பேனலை மூடச் சொல்லுங்கள்.