உத்தரிக்கிற ஸ்தலமும் கல்லறைச் சுவரும்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாக நிற்பவர்களில் யார் ஆர்.சி., யார் சி.எஸ்.ஐ. என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. செத்தவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதில்லை என்று போதிக்கப்பட்டவர்களும் கல்லறைக்குப் போகத்தான் செய்கிறார்கள்.

உத்தரித்தல் என்றால் பட்டுத் தீர்த்தல். சாவான பாவமில்லாமல், ஆனால் முழுத் தூய்மையும் இல்லாமல் இறந்த ஆத்துமா மோட்சத்துக்கு முன் பட்டுத் தீர்க்கும் நிலைதான் கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம். இருப்பவர்களின் செபமும் பூசையும் அந்த ஆத்துமாவுக்கு உதவும் என்று 1563இல் திரெந்து சங்கம் உறுதி செய்தது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மக்கபேயர் இரண்டாம் நூல் புரொட்டஸ்டண்ட் பைபிளில் கிடையாது. ஒரு 'ஸ்தலம்' என்கிற பெயர்ச்சொல்லாக இது உருப்பெற்றது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்று ழாக் லெ கோஃப் 1981இல் வாதிட்டார். ஸ்தலம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் கணக்கப்பிள்ளையும் வருவான். 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூதர் கைவைத்தது இந்தக் கணக்கில்தான். கிறிஸ்துவின் இரத்தமே சகலத்தையும் சுத்திகரிக்கும், மிச்சம் ஏதுமில்லை என்றது சீர்திருத்தம்.

சண்டை தமிழுக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் லுத்தரன்கள் வந்திறங்கினார்கள். அவர்களை மறுத்து வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். செத்தபின் யார் எப்படிச் சுத்தமாவது என்பதில் இத்தனை வாதம். உயிரோடிருக்கிற ஒருவனைத் தீட்டு என்று தள்ளிவைத்த சாதியோடு மட்டும் இரு தரப்பிலும் ஏகப்பட்ட சமரசம். சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டுமென 1833இல் பிஷப் டேனியல் வில்சன் உத்தரவிட்டபோது, சபையை விட்டே வெளியேறியவர்கள் உண்டு. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தலித்துகளைப் பிரித்துச் சுவர் எழுந்தது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது 2016இல்.

இரண்டு கோட்பாடுகளையும் அவற்றின் சொல்படியே எடுத்துக்கொள்வோம். எல்லாம் சுத்தமாகிவிட்டதென்றால் தீட்டு எங்கே மிச்சமிருக்கிறது? இறந்தவர்களுக்கு இருப்பவர்கள் பொறுப்பு என்றால், பிணத்தின்மேலும் சாதியைச் சுமத்துகிற சுவரை இடிப்பதல்லவா முதல் பரிகாரம்? ஆக, எந்த வேதமும் அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுக்கவில்லை. முட்டுக் கொடுப்பது சாதிதான். இந்த நவம்பரில் கல்லறை மந்திரிக்க வருகிற சாமியாரிடமும், ஜெபிக்க வருகிற ஐயரிடமும் இதை நேராகவே கேளுங்கள்.