சிவப்புக்கு அடுத்து வண்ணம்

1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஓர் ஆட்டத்தின் விதிகளை எழுதி மாட்டினார்கள். ஆட்டத்தின் பெயர் ஸ்னூக்கர். அப்போது அதற்கு வயது ஏழு.

பிறந்த இடம் ஜபல்பூர். 1875-ன் மழைக்காலத்தில், டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகளுக்கு மெஸ்ஸில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசையே கதி. பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்குவார்கள். லைஃப் பூலில் ஆளுக்கொரு நிறப் பந்து. அதோடு ஒரு கறுப்புப் பந்து சேர்ந்தால் பிளாக் பூல். நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொருவர்) இவற்றை ஒரே மேசையில் கலந்தார். வூல்விச் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்கள். பந்தைக் குழியில் போடத் தவறிய ஒருவரை சேம்பர்லின் அப்படி அழைக்கப்போய், அதுவே ஆட்டத்துக்கும் பெயராயிற்று.

பந்துகளைக் கொட்டிக் கலப்பது சுலபம். ஸ்னூக்கரை ஆட்டமாக்குவது ஒரே ஒரு விதி: ஒரு சிவப்பை வீழ்த்தினால்தான் வண்ணப் பந்தை அடிக்கலாம். சிவப்பு குழியோடு சரி. சிவப்புகள் தீரும்வரை வண்ணம் மேசைக்குத் திரும்பி வரும். கலந்த ஆட்டங்களைப் பிணைக்கும் முடிச்சு இதுதான்.

இன்றைய கேம் ஜாம்களிலும் எல்லோரும் தேடுவது அந்த முடிச்சைத்தான். கேம் ஜாம் என்றால் இரண்டு மூன்று நாள் கெடுவுக்குள் புதிதாக ஒரு வீடியோ கேம் செய்து முடிப்பது. 2002-ல் தொடங்கிய லூடம் டேர் என்ற ஜாம், 2018 ஏப்ரலில் கொடுத்த தலைப்பே 'ஒத்துப்போகாத இரண்டு வகைகளைச் சேருங்கள்' என்பதுதான். ஒரு கட்டம் கார் பந்தயம், அடுத்த கட்டம் புதிர் என்று மாற்றி மாற்றி வைத்தால் அது கலவை ஆகாது. ஒரே வாசலில் இரண்டு கடை.

அதே ஆண்டு டிசம்பரில் தலைப்பு 'பலி கொடுத்தே ஆக வேண்டும்'. கனடாக்காரர் டேனியல் மல்லின்ஸ் ஒரு சீட்டாட்டம் செய்தார்: வலுவான சீட்டை இறக்க வேண்டுமானால், மேசையில் ஏற்கெனவே இருக்கும் உயிரைக் காவு கொடுக்க வேண்டும். சீட்டாட்டத்துக்குள் திகில் புகுந்தது இந்த ஒரு விதியின் வழியாகத்தான். அந்த விதை 'இன்ஸ்கிரிப்ஷன்' என்ற முழு விளையாட்டாக வெளிவர 2021 அக்டோபர் ஆயிற்று. 2017 நார்டிக் கேம் ஜாமில் முளைத்த, பின்லாந்தின் ஆர்வி டெய்க்காரி செய்த 'பாபா இஸ் யூ' 2019 மார்ச்சில்தான் கடைக்கு வந்தது.

ஜாமில் பிறக்காவிட்டாலும் தமிழர் வீட்டு உதாரணம் ஒன்று உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'வில் சமையல் புதிரும் புலம்பெயர்ந்த குடும்பத்தின் கதையும் ஒன்றாகின்றன. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரியை ஊகித்து இட்லி அவித்தால்தான் கதை நகரும். 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

ஸ்னூக்கருக்குத் திரும்பினால், ஜபல்பூரின் விதையை ஊட்டிக்குக் கொண்டுவந்தது வேலை மாற்றம். சென்னைப் படையின் தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸ் கோடையில் ஊட்டிக்கு வருவார். அவரிடம் பணியாற்றிய சேம்பர்லினும் கூடவே வந்தார். அந்த மலைவாசத்தில்தான் வாய்வழியாக ஓடிக்கொண்டிருந்த விதிகள் தாளில் ஏறின. தொடக்கத்தில் சிவப்போடு இருந்தவை மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு மட்டுமே. நீலமும் பழுப்பும் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.