ஜாவரின் தராசு

விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். அதைப் பேசும்போதெல்லாம், வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிய ஜீன் வால்ஜீனுக்கு மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்தளித்த ஆயரையே நாம் போற்றுகிறோம். எனக்கோ காவலதிகாரி ஜாவரே நெஞ்சைவிட்டு அகல்வதில்லை.

அவர் கொடியவர் அல்லர். ரொட்டி திருடியவன் 19 ஆண்டுகள் சிறையிலிருந்தது தகும் என நேர்மையாகவே நம்புகிறவர். மேயரின் மீது தாம் வீண்பழி சுமத்திவிட்டதாக எண்ணியதும், தம்மைப் பணிநீக்கம் செய்யும்படி அவரிடமே வேண்டி நிற்கிறார். தம்மையும் அதே தராசில் நிறுத்தவர்! எனவேதான் 1832 கலகத்தில் வால்ஜீன் அளித்த உயிர்ப்பிச்சையை அவரால் தாங்க இயலவில்லை. அது அவர் ஈட்டியதன்று. திருப்பலியில் 'தகுதியற்றவன்' என அறிக்கையிட்டுவிட்டு, ஆலய வாசலில் கையேந்துபவனின் தகுதியை ஆராயும் நமக்கு, ஜாவர் அந்நியரா என்ன?

வால்ஜீனைக் கைதுசெய்யாமல் விட்டபின், சேன் ஆற்றில் குதிக்குமுன் அவர் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதுகிறார். சோதனையின்போது கைதிகள் வெறுங்காலுடன் கல்தரையில் நிற்பதால் இருமல் காண்கிறதாம். அவ்விரக்கத்திற்கும் அவர் காட்டும் காரணம், மருத்துவமனைச் செலவு.