மேல்கரைக்குப் பாட்டில்லை

சென்னையின் சூழல் போராட்டங்களை ஒட்டிப் பிறந்த கலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். பெரும்பாலானவை கழிமுகத்தோடு நின்றுவிடுகின்றன. ஆற்றோடு மேலே ஏறி வருவதில்லை.

திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகர்க்காரர்களுக்குச் சென்னையின் ஆறுகளில் இரண்டு கைக்கெட்டும் தூரம். பக்கத்தில் கூவம், இங்கே இன்னும் ஓரளவு ஆறாகவே இருக்கிறது. வடமேற்கே பூண்டி, 1944இல் கொசஸ்தலையாற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். அங்கிருந்து திறந்துவிடும் உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. பாட்டு, காணொளி, புகைப்படம் எல்லாம் கூடியிருப்பது அந்தக் கடைசித் துண்டில்தான்.

அங்கே பாட்டு வந்தது 2017 ஜனவரியில். கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கிய காணொளியில், முகமூடி அணிந்த கிருஷ்ணா மாசுபட்ட நிலத்தின் நடுவே ஆனந்தபைரவியும் பேகடாவும் பாடுகிறார். கச்சேரி ரசிகருக்கு ராகம் பழக்கம், சொல்தான் நெருடும். கரையோரத்து மீனவருக்குச் சொல் பழக்கம், ராகம் தூரம். இரு தரப்பையும் கொஞ்சம் நெளிய வைத்ததே அதன் பலம் என்பேன். எண்ணூர் சிக்கல் உள்ளூர் மாசோடு முடிவதில்லை. அங்கே எரிவது நிலக்கரி. அதன் சாம்பலால் மேடாவது வடசென்னை வெள்ளம் வடியும் வாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அந்த முகத்துவாரத்தில்தான் வந்து பரவியது.

பாட்டு வெளிவந்த அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் எண்ணூருக்கு நேரில் போய்ப் பார்த்தார். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது. இதையெல்லாம் பாட்டின் வரவில் எழுதினால் மிகை. எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டும் 1996ஆம் ஆண்டுக் கடலோர வரைபடத்தைத் தேடி எடுத்தவர்களும், வேலையை விட்டுவிட்டு மறியலுக்கு வந்த மீனவக் கிராமங்களும் இருக்கிறார்கள். எண்ணூர் எதற்காகக் கத்துகிறது என்று மயிலாப்பூருக்கு விளக்கும் வேலையைப் பாட்டு மிச்சப்படுத்தியது. அதுவே பெரிய காரியம்.

கலையால் காரியம் நடந்ததற்குத் தமிழ்நாட்டில் அடிக்கடி சொல்லப்படும் சான்று கொடைக்கானல். 2001இல் மூடப்பட்ட யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசத்தைப் பற்றி 2015 ஜூலை இறுதியில் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் வெளியிட்டார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் தொழிலாளர்கள் அதற்குமுன் பல ஆண்டுகள் கோர்ட்டு வாசலில் நின்றிருந்தார்கள். கோரிக்கை தயார், பெயர்ப்பட்டியல் தயார், எதிராளி யாரென்பதும் தெரியும். பாட்டு கடைசியில் வந்து உலகத்தின் காதைத் திருகியது. மண்ணைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகத் தீர்வு வரவில்லை. 2018இல் அதற்கென்று இன்னொரு பாட்டே தேவைப்பட்டது.

மற்ற கலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகமாகவும், 1981இல் பாலசந்தர் இயக்கத்தில் படமாகவும் வறட்சியை அரசியலாக்கியது. பிறகு வந்த பல படங்களில் ஏரியைக் காக்கும் வேலையைக் கதாநாயகன் ஒருவனே முடித்துவிடுவதால் நமக்கு வேலை மிச்சம். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ விதிவிலக்கு. காட்டில் எறியும் மதுபாட்டில் என்ன செய்யும் என்று அது காட்டுவதால், வாசகன் நாளைக்கே நிறுத்தக்கூடிய ஒரு செயல் அவன் கையில் கிடைக்கிறது. ஓவிய, சிற்பக் கலைஞர்கள் 2018இல் சென்னையில் ஆறுகளைப் பற்றி நடத்திய கண்காட்சி லலித் கலா அகாதமி அரங்குக்குள் இருந்தது. கூவம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர், நம் ரயில் தடத்துக்காரர். 2021இல் அந்தப் பாட்டை முணுமுணுக்காத பெட்டி கிடையாது. நிலமில்லாதவர்களின் துக்கத்தையும் நாய், நரி, பூனைக்கும் ஏரி குளத்தில் உள்ள உரிமையையும் ஒரே மூச்சில் பாடியது அது. சூழல் பாட்டு என்று யாரும் அதற்குச் சீட்டு ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் மேல்கரைக்கு எது? இந்தப் பக்கத்தில் கூத்து இருக்கிறது. தொண்டை மண்டலத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழாவையொட்டிப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கின்றன. விராட பர்வம் படித்தால், ஆடினால் மழை வரும் என்பது பழைய நம்பிக்கை. வானத்துக்கும் அரங்குக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த கலை இது. வானிலை தாறுமாறாகிவிட்ட காலத்தில் அதனிடம் பேச விஷயம் இருக்காதா? காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் நிலைநிறுத்திய கட்டைக்கூத்துச் சங்கம், புதிய கதைகளையும் அந்த வடிவம் தாங்கும் என்று காட்டியிருக்கிறது.

ஆனால் கூத்தைக் கூப்பிடும்போதெல்லாம் நாம் அதைத் துண்டுப் பிரசுரமாக்கிவிடுகிறோம். பதினைந்து நிமிடம், ஒரு மஞ்சப்பை, ஒரு மரக்கன்று, ஒரு குரூப் போட்டோ. விடிய விடியக் கேட்கும் கூட்டத்திடம் அது எடுபடாது. புதுக் கதை எழுதவும் அவசியமில்லை, கட்டியக்காரன் போதும். ராஜா வரும்முன் ஊர் வம்பெல்லாம் பேச அவனுக்குக் காலங்காலமாக உரிமை உண்டு. பூண்டித் தண்ணீர் யாருக்குப் போகிறது, கொசஸ்தலையாற்று மணல் எந்த லாரியில் போனது, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து ஊர்க் கிணற்றில் தண்ணீர் என்ன நிறம் என்று அவன் கேட்டால் கூட்டம் சிரிக்கும், பிறகு யோசிக்கும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் பணம் கொடுத்தவர்களின் படங்கள் வாசல் பிளெக்ஸில் இருக்கும். அவர்களில் ஒருவருக்கு லாரி ஓடும், இன்னொருவருக்கு ஆலையில் கான்ட்ராக்ட் இருக்கும். அடுத்த ஆண்டும் அதே ஊரில் ஆட வேண்டிய கூத்து வாத்தியார், கட்டியக்காரனை எந்த இடத்தில் நிறுத்தச் சொல்வார் என்பதில்தான் மேல்கரையின் பாட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது.