பொழுது நீங்கிய பூக்கள்: குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியலும் கூக்கால் வீட்டுத் தோட்டமும்

திறவுச்சொற்கள்: குறிஞ்சிப்பாட்டு, குறுந்தொகை, பெரும்பொழுது, அவரை, வெருகு, கூக்கால்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 பூக்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஓர் அட்டவணையில் சென்று முடிகின்றன. முதல் நிரலில் இலக்கியப் பெயர், அடுத்ததில் இன்றைய வழக்குப் பெயர், மூன்றாவதில் தாவரவியல் பெயர். இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டு முதல் வரைவிலும் அத்தகைய அட்டவணையே இருந்தது. அப்பூ எப்பொழுது பூக்கும் என்பதற்கு அதில் நிரல் இல்லை. இக்குறை சிறியதன்று என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மழை பெய்து அருவி வீழ்ந்த ஒரு நாளில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்தனவாகவே அப்பூக்கள் அனைத்தும் செவிலிக்குச் சொல்லப்படுகின்றன. ஆனால் தோன்றியும் காயாவும் கார்காலத்தன, பாதிரி வேனிலுக்குரியது, அடும்பு கடற்கரை மணலில் படர்வது. இம்முரணைத் திணைமயக்கம் என்று கூறிக் கடந்துவிடுவது நம் வழக்கம். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பாவோ பூவையும் பறவையையும் சேர்த்தே பேசுகிறது. அவை தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராவிடினும், வந்த நிலத்தின் பயனையே தரும் என்கிறது. நிலத்தை எடுத்துக்கொண்ட நாம் பொழுதை விட்டுவிட்டோம், பறவையையும் விட்டுவிட்டோம். ஒரு பூ தன் பொழுதில் வரவில்லை என்பதை உணர, அதன் பொழுது எதுவெனப் படிப்பவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். சங்கப் புலவரும் கேட்போரும் அவ்வறிவை எங்கிருந்து பெற்றனர்?

பட்டியலிலேயே விடைக்கான தடயம் உண்டு. ஆத்திக்கும் பகன்றைக்கும் இடையே அவரை வருகிறது. பாரமும் பீரமும் வருகின்றன. இவ்விரண்டையும் நச்சினார்க்கினியர் பருத்திப்பூ, பீர்க்கம்பூ என்று விளக்குகிறார். இவற்றைத் தேடி மலைமுகட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. புனத்தின் ஓரத்திலும் மனையின் வேலியிலும் காணலாம். குறிஞ்சிப்பாட்டின் பூக்குவியலில் வீட்டுத் தோட்டமும் கலந்திருக்கிறது.

பழனிமலையின் மேற்பகுதியில், ஏரியும் சோலைக்காடும் படிக்கட்டு வயல்களும் சூழ்ந்த ஊர் கூக்கால். அங்கு இக்கட்டுரையாளர் வெவ்வேறு பருவங்களில் தங்கியிருந்த வீட்டின் பின்புறம் ஒரு சிறு தோட்டம் இருந்தது: இரண்டு பாத்தி பூண்டு, ஒரு பிளம்ஸ் மரம், வேலியோரம் டேலியா, கொம்பு நட்டு ஏற்றிய அவரை. மாசியில் இலையற்ற பிளம்ஸ் மரம் வெண்ணிறமாகப் பூத்தது. கோடைமழைக்குப்பின் டேலியாவைத் தேன்சிட்டு சுற்றியது. பழம் கனிந்தபோது சோலையிலிருந்து சிரிப்பான் பறவைகள் கூட்டமாக இறங்கின. ஐப்பசி இருளில் காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டுப் போனது. மார்கழியில் உறைபனி விழுந்த காலையில் அவரையின் நுனிகள் கருகியிருந்தன. அடிக்கொடியில் மட்டும் பூ எஞ்சியிருந்தது. அவ்வீட்டு மூதாட்டி மாதப் பெயர்களை அதிகம் பயன்படுத்துவதில்லை. எது பூக்கிறது, எது வந்து தின்கிறது என்பவற்றாலேயே அவர் காலத்தைக் குறித்தார்.

இவ்வனுபவத்துக்குப்பின் குறுந்தொகையின் மூன்று பாடல்களை அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது. கடுவன் மள்ளனாரின் 82ஆம் பாடலில், தினை கொய்த தாள்களில் அவரை பூக்கும் கடும்பனிக் காலம் வந்தும் தலைவன் வரவில்லை. அங்கே அவரைப்பூ அலங்காரமாக நிற்கவில்லை. கெடு முடிந்ததைக் காட்டும் சான்றாக நிற்கிறது. கொல்லன் அழிசியின் 240ஆம் பாடலில் அவரைப்பூ கிளியின் வாயை ஒக்கிறது, உடன் மலரும் முல்லை வெருகின் பல்லை ஒக்கிறது, வாடையும் வந்துவிட்டது. இவ்வுவமைகளை உருவுவமை என்று வகைப்படுத்தி நிறுத்திவிடுகிறோம். ஆனால் கிளி புனத்துக்கு வரும் பறவை. வெருகு எங்கு வரும் என்பதை ஒக்கூர் மாசாத்தியாரின் 139ஆம் பாடல் சொல்கிறது: மாலையில் வேலியருகே வெருகு தோன்ற, மனைக்கோழி குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. ஆகவே அவ்விரண்டு உவமைகளும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவை அல்ல. அதே வேலியில் பூவும் விலங்கும் ஒரே மாலைப்பொழுதில் காணப்படுவன. தலைவியின் தனிமைக்குள் ஒரு வேட்டை விலங்கின் பல்லை முல்லை கொண்டுவந்து சேர்க்கிறது. திணை அடிப்படையில் இப்பாடல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் இட்டால் இவ்வுறவு புலப்படாது. 139 மருதத்திணைப் பாடல்.

பெரும்பொழுதை ஒரு நிரலாகச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் கூறுவதற்கில்லை. குறிஞ்சித்திணைக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை. ஆனால் பழனிமலையில் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. இடைப்பட்ட கூதிர்க்காலங்கள் அப்பூவின்றியே கழிந்தன. குறிஞ்சிப்பூவின் தேனைக் கூறும் குறுந்தொகை 3ஆம் பாடல் இந்தப் பன்னிரண்டாண்டு இடைவெளியைச் சொல்லவில்லை. அவ்விடைவெளியை அப்பாடலுக்குள் ஏற்றி, காதலின் அருமைக்கு அதையே குறியீடாக்கும் விளக்கங்களை எச்சரிக்கையுடனே ஏற்க வேண்டும்.

தாவரவியலார் இதில் நம்மினும் கவனமுடையவர்கள். பழனிமலைத் தாவரங்களைப் பற்றி 1999இல் விரிவான நூல் வெளியிட்ட கே. எம். மேத்யூ போன்றோரின் துறையில், உலர்தாவரத் தாள் ஒவ்வொன்றும் செடியைச் சேகரித்த இடத்தையும் நாளையும் தாங்கியிருக்கும். நாம் அவர்களிடமிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நாளைத் தாளிலேயே விட்டுவிட்டோம்.

240ஆம் பாடலின் கிளிவாய் உவமையில் ஓர் ஐயம் எஞ்சுகிறது. கிளியின் அலகு சிவப்பு; கூக்கால் வீட்டு அவரையோ வெள்ளையாகப் பூத்தது. ஊதாப் பூ விடும் வகையைப் புலவர் கண்டிருக்கலாம். எனினும் பூவைப் பிரித்துப் பார்க்கையில் உள்ளிருக்கும் கீழிதழ் ஏறத்தாழச் செங்கோணமாக மேல்நோக்கி மடிந்திருந்தது. அழிசி கண்டது அவ்வளைவையே எனில் நிறத்தைப் பற்றிய கேள்வி எழாது.