டீசலைக் கூட்டினால் ஏற்றம் ஏறுமா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மரக்கறியும் உரமும் ஏற்றி ஓடும் பழைய டீசல் கெப் வாகனங்களுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதற்குள் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எனவே பழையதைத் தேற்றி ஓட்டுவதில் பிழையில்லை. ஆனால் இழுவை போதவில்லை என்றதும் பம்பின் திருகை முறுக்கி டீசலைக் கூட்டுவதும், பெரிய நொசில் போடுவதும் மலைநாட்டில் நோயறியாமல் கொடுக்கும் மருந்து.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் அதைச் சற்றே ஈடுசெய்யும், அவ்வளவுதான். ஹைலக்ஸில் வந்த 3எல் போன்ற டர்போ இல்லாத இன்ஜின் இழுக்கும் காற்று குறைகிறது. உயரத்தை உணரும் அமைப்பில்லாத பம்ப்போ பழைய அளவிலேயே டீசலைத் தள்ளுகிறது. ஏற்கெனவே மிஞ்சி நிற்கும் டீசலை இன்னும் கூட்டினால் கிடைப்பது கரும்புகையும் சூடும். சுமையோடு இரண்டாம் கியரில் நெடுநேரம் ஏறும் வண்டியில் அந்தச் சூட்டைத் தாங்குவது சிலிண்டர் ஹெட்தான்.

'திருகை முறுக்கியபின் வண்டி இழுக்கிறதே' என்பார்கள். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது அது உண்மையாகவே இருக்கலாம். அங்கே காற்று அவ்வளவு மெலிவதில்லை. டர்போ உள்ள இன்ஜினிலும் அளவோடு கூட்டியதற்குப் பலன் உண்டு. ஆனால் டொயோட்டாவின் 2எல்-டி இன்ஜின், டர்போ இருந்தும், ஹெட் வெடிப்புக்குப் பேர்போனது. டர்போ இருப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

இழுவை குறைவதற்குப் பலரும் பார்க்காத காரணம் டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் இருக்கிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் உள்ள விஈ வகைப் பம்ப், டாங்கியிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சுகிறது. அதன் உள்ளழுத்தமே டீசல் பாயும் நேரத்தையும் முன்தள்ளுகிறது. ஃபில்டர் அடைத்தாலோ, பழைய குழாய் வழியே காற்று புகுந்தாலோ அந்த அழுத்தம் விழும், பாயும் நேரம் பிந்தும், வண்டி சோரும். வெளிக்காற்றின் அழுத்தமே குறைந்த மலையில் உறிஞ்சுவதும் கடினம். போதாததற்கு, இந்தப் பம்புக்கு மசகு டீசலேதான். ஈர மலையில் டாங்கிக்குள் வியர்க்கும் நீரும், 2022 தட்டுப்பாட்டில் பீப்பாய்களில் தேக்கிவைத்த டீசலின் அழுக்கும், கலப்பட மண்ணெண்ணெயும் அதன் உட்பாகங்களை அரிக்கும், தேய்க்கும். ஆகவே உண்மையான மேம்பாடு நீர்பிரிக்கும் கிண்ணம், நல்ல ஃபில்டர், புதுக் குழாய், அழுத்தம் சோதித்த நொசில் ஆகியவைதான். மின்பம்ப் சேர்ப்பதானால் குறைந்த அழுத்தமுள்ளதே போதும். மிகையானால் பாயும் நேரமே குழம்பும்.

பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் ஏற்றி அளக்கச் செலவாகும், வண்டியும் சில நாள் நிற்கும். அன்றாட ஓட்டத்தில் பிழைப்பவருக்கு அது சிறிய விடயமல்ல. அதனால்தான் மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும்: ஃபில்டரும் குழாயும் மாற்றிய பிறகும் இழுவை திரும்பாவிட்டால் மட்டுமே பம்பில் கைவைப்பது நியாயம். 2008 முதல் நடக்கும் வருடாந்தப் புகைப் பரிசோதனை இந்த ஒழுங்கைக் கொண்டுவரும் என்று நம்ப இடமில்லை. பரிசோதனைக்குமுன் தளர்த்திய திருகை மறுநாளே முறுக்கிவிட ஒரு ஸ்பேனர் போதும்.